உப்பு வரியை எதிர்த்தவர் பள்ளிக்கூடத்துக்காக வரி கேட்டார்: கோபால கிருஷ்ண கோகலே

1912 மார்ச் 19. கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு வழி செய்யும் மசோதா அது. அதைத் தேர்வுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பலாமா என்பதுதான் அன்றைய கேள்வி. ஆதரவாக 13 வாக்குகள், எதிராக 38 வாக்குகள். மசோதா அங்கேயே முடிந்தது.

அதைக் கொண்டுவந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. காந்தியடிகள் தம் அரசியல் குரு என்று போற்றியவர் என்ற அளவில் பாடப் புத்தகத்தில் அவரை நாம் படித்திருப்போம். ஆனால் அவர் வாழ்நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கணக்கு. மக்களிடம் அரசு வாங்கும் வரி எங்கே போகிறது? அதில் ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு வருகிறது? நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்வி பழசாகவில்லை. அதனால்தான் அவருடைய வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்ப்பது அவசியமாகிறது.

எட்டு ரூபாயில் படித்த பிள்ளை

கோகலே 1866 மே 9 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கோட்லுக் என்ற ஊரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் கோவிந்தராவ் தம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் பதினைந்து ரூபாய். அதில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, மீதி ஏழு ரூபாயில் குடும்பத்தை நடத்தினார்.

சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரு பிள்ளையின் படிப்புக்கே போன வீடு அது. அண்ணன் தன் படிப்பை விட்டதால்தான் தம்பி படிக்க முடிந்தது. தங்கைக்காக, தம்பிக்காகப் படிப்பை விட்டுக் கடைக்கும் வெளிநாட்டுக்கும் போன அண்ணன்மார் நம் வீடுகளிலும் உண்டு. கோகலே அந்தக் கடனை மறக்கவில்லை. 1884-இல், பதினெட்டு வயதில், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பட்டதாரிக்கு அரசு உத்தியோகம் எளிதாகக் கிடைக்கும். அவர் போனது புனேயில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்கு.

டெக்கான் கல்விச் சங்கத்தில் சேர்ந்தவர்கள் குறைந்த சம்பளத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்றுவதாக உறுதி கொடுத்தார்கள். கோகலேயும் கொடுத்தார். அந்தச் சங்கம் 1885-இல் தொடங்கிய பெர்குசன் கல்லூரியில் ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளாதாரம் என்று தேவைப்பட்டதையெல்லாம் கற்பித்தார். அவர் எழுதிய எண்கணிதப் பாடநூல் பல பள்ளிகளில் நடந்தது. கல்லூரிக்கு நன்கொடை திரட்ட ஊர் ஊராகப் போனதும் அவர்தான். ஒரு கல்வி நிறுவனத்தைப் பணம் திரட்டி நடத்துவது என்றால் என்ன என்பதை அனுபவித்து அறிந்தவர். நன்கொடையால் ஒரு கல்லூரியை நடத்தலாம், ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளி நடத்த முடியாது என்பதையும் அங்கேதான் உணர்ந்தார்.

வரவு செலவைப் படிக்கக் கற்றவர்

புனேயில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயிடம் அவர் மாணவராக அமர்ந்தார். அரசின் அறிக்கைகள், வரவு செலவுப் பட்டியல்கள், புள்ளிவிவரங்கள் இவற்றை வரி வரியாகப் படித்து, அரசின் எண்களைக் கொண்டே அரசைக் கேள்வி கேட்கும் முறையை ரானடே பழக்கினார். 1897-இல் இந்தியாவின் செலவினங்களை ஆராய லண்டனில் வெல்பி கமிஷன் அமர்ந்தபோது அதன் முன் சாட்சியம் அளித்த இந்தியர்களில் முப்பது வயது கோகலேயும் ஒருவர்.

1899-இல் பம்பாய் சட்டசபைக்கும், 1902-இல் வைஸ்ராயின் சட்டசபைக்கும் உறுப்பினரானார். புனே நகராட்சித் தலைவராகவும் இருந்தார். அன்றைய சட்டசபையில் உறுப்பினர்கள் பட்ஜெட்டின் மீது ஆண்டுக்கு ஒருமுறை பேசலாம், அவ்வளவுதான். அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கவோ கூட்டவோ வாக்களிக்க முடியாது. அந்த ஒரு பேச்சைத்தான் கோகலே தம் ஆயுதமாக்கினார்.

1902 மார்ச்சில் அவருடைய முதல் பட்ஜெட் உரை. அந்த ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அரசு உபரி காட்டியிருந்தது. நாட்டின் வளம் பெருகிவிட்டது என்று அதிகாரிகள் சொன்னார்கள். கோகலே அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். ரூபாயின் மதிப்பு சரிந்த காலத்தில், லண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகையைச் சமாளிக்க அரசு வரிகளை ஏற்றியது. பிறகு ரூபாயின் மதிப்பு மீண்டு பதினாறு பென்னியில் நின்றுவிட்டது. ஏற்றிய வரிகளை மட்டும் அரசு இறக்கவில்லை. இரண்டு பெரும் பஞ்சங்கள் அடுத்தடுத்து வந்த காலத்தில் கஜானாவில் சேர்ந்த உபரி மக்களின் செழிப்பைக் காட்டவில்லை. தேவைக்கு மேல் வாங்கிய வரியைத்தான் காட்டியது.

அவர் முதலில் குறிவைத்தது உப்பு வரியை. அப்போது ஒரு மணங்கு உப்புக்கு இரண்டரை ரூபாய் வரி. பணக்காரர் வீட்டிலும் கூலித் தொழிலாளி வீட்டிலும் உப்புச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழைமீதுதான் அந்தச் சுமை அதிகம். ஆண்டுதோறும் கோகலே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1903-இல் வரி இரண்டு ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. குறைத்தது அரசு, ஆனால் அந்தக் குறைப்பில் அவருடைய விடாத வாதத்துக்குப் பங்கு உண்டு.

அவருடைய அடுத்த கேள்வி, மீதமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பது. அரசு அதை ரயில் பாதைகளுக்குத் திருப்பியது. ராணுவச் செலவு வருவாயில் பெரும்பங்கை விழுங்கியது. தொடக்கப் பள்ளிகளை நடத்தும் பொறுப்போ நகராட்சிகள், மாவட்ட போர்டுகளின் தலையில் இருந்தது. அவற்றின் வருமானம் நிலத்தின் மீதான சிறு தீர்வை, வீட்டு வரி, ஊருக்குள் வரும் பொருட்களின் மீதான வரி ஆகியவைதான். வளரும் வருவாய் மேலே, பள்ளிக்கூடப் பொறுப்பு கீழே. இந்த ஏற்பாடு மாறாமல் பள்ளிகள் பெருகாது என்பது கோகலேயின் முடிவு.

நான்கு கோடி எங்கிருந்து வரும்?

1905-இல் அவர் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டு காசியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1909-இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு சட்டசபையில் தீர்மானம் கொண்டுவரும் உரிமை உறுப்பினர்களுக்குக் கிடைத்தது. அந்த உரிமை கிடைத்த மறு ஆண்டே, 1910 மார்ச்சில், தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்கத் தொடங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பரிசீலிப்பதாக அரசு சொன்னதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் கல்விக்கென்று தனித்துறை உருவானது. ஆனால் கட்டாயக் கல்வி வரவில்லை. எனவே 1911 மார்ச் 16 அன்று மசோதாவாகவே கொண்டுவந்தார்.

அவர் அவையின் முன் வைத்த ஒப்பீடு இன்று படித்தாலும் உறுத்தும். தொடக்கக் கல்விக்கு ஒரு தலைக்கு அமெரிக்கா செலவிட்டது 16 ஷில்லிங். இங்கிலாந்து 10 ஷில்லிங். பின்தங்கிய நாடு என்று கருதப்பட்ட ரஷ்யா ஏழரைப் பென்னி. பிரிட்டிஷ் இந்தியாவோ ஒரு பென்னியை எட்டுவதே அரிது. மொத்த மக்கள்தொகையில் தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்கு 21 பேர், பிரிட்டிஷ் இந்தியாவில் இரண்டு பேருக்கும் குறைவு. இங்கேயே, இந்திய மன்னர் ஆண்ட பரோடாவில் 1906 முதல் கட்டாயக் கல்வி நடந்துகொண்டிருந்தது. ஆகவே இந்த மண்ணுக்கு அது ஒத்துவராது என்ற வாதத்துக்கு இடமில்லை.

மசோதாவின் உள்ளடக்கம் மிக எச்சரிக்கையானது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் கட்டாயம் என்று அது சொல்லவில்லை. ஏற்கனவே குறிப்பிட்ட விகிதத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஊர்களில், நகராட்சியோ மாவட்ட போர்டோ விரும்பினால், அரசின் அனுமதியோடு கட்டாயமாக்கலாம். முதலில் ஆண் பிள்ளைகள், பிறகு பெண் பிள்ளைகள். மாதம் பத்து ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. செலவுக்காக உள்ளாட்சி ஒரு கல்வி வரி விதிக்கலாம்.

ஆனால் உள்ளாட்சியின் வரி மட்டும் போதாது என்பதை நகராட்சித் தலைவராக இருந்த அவர் அறிந்திருந்தார். அதனால் செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசும், ஒரு பங்கை உள்ளாட்சியும் ஏற்க வேண்டும் என்று கேட்டார். ஆண் பிள்ளைகள் எல்லோரையும் பள்ளியில் சேர்க்க ஆண்டுக்கு நான்கு, ஐந்து கோடி ரூபாய் கூடுதலாகத் தேவைப்படும் என்றும், அதில் மூன்று கோடி அளவில் அரசின் பங்கு என்றும், அதையும் பத்தாண்டுகளில் படிப்படியாக எட்டினால் போதும் என்றும் கணக்குக் காட்டினார். பணத்துக்கு வழியும் சொன்னார். இறக்குமதிப் பொருட்களின் மீதான சுங்க வரியை ஐந்து சதவீதத்திலிருந்து ஏழரைச் சதவீதமாக உயர்த்தினால் அதுவே இந்தச் செலவைத் தாங்கும் என்றார்.

அதற்கும் மேலாக அவர் சொன்ன ஒன்றுதான் அவரை அறிந்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும். வேறு வழியே இல்லையென்றால் உப்பு வரி கொஞ்சம் கூடினாலும் தாம் ஏற்பதாகச் சொன்னார். தம் மக்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிடுவது, அவர்களுடைய பிள்ளைகள் அறியாமையில் வளர்வதைவிடச் சிறிய தீமை என்பது அவர் கருத்து. எட்டு ஆண்டுகளாக அந்த வரியைக் குறைக்கப் போராடியவர் இப்படிச் சொன்னார். அவருக்கு வரி என்பது தன்னளவில் பகையாக இருந்ததில்லை. வாங்கிய வரி கொடுத்தவனின் பிள்ளைக்குத் திரும்பி வராமல் போவதைத்தான் அவர் எதிர்த்தார்.

ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள்

சட்டசபையில் கோகலேக்குத் துணைநின்று பேசியவர்களில் இரண்டு முஸ்லிம் தலைவர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பீகாரின் மஜ்ஹருல் ஹக். மற்றொருவர் பம்பாய் முஸ்லிம்களின் பிரதிநிதியாக வந்திருந்த முஹம்மது அலி ஜின்னா. பணமில்லை என்ற அரசின் பதிலை ஜின்னா ஏற்கவில்லை. பணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அரசின் வேலை, தேவையென்றால் வரி போடட்டும், அதனால் வரும் கெட்ட பெயரைத் தாங்கத் தலைவர்கள் தயாராக இருக்க வேண்டும் என்ற பொருளில் வாதாடினார். அந்த நாட்களில் ஜின்னா, முஸ்லிம்களிடையே ஒரு கோகலேயாக விளங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1913-இல் இருவரும் சேர்ந்தே இங்கிலாந்துக்குப் பயணம் செய்தார்கள்.

முஸ்லிம்களிடையே அச்சமும் இருந்தது. கட்டாயப் பள்ளியில் உருது பேசும் பிள்ளைகளின் மொழிக்கு இடமிருக்குமா என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கவலை. வரி எல்லோரிடமும் வாங்கப்படும்போது, பள்ளியும் எல்லோருடைய பிள்ளைக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அதற்கான பாதுகாப்பைத் தேர்வுக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஆதரித்தவர்களின் பதிலாக இருந்தது. ஆனால் மசோதா அந்தக் குழுவுக்கே போகவில்லை.

அரசின் சார்பில் கல்வித்துறை உறுப்பினர் ஹார்கோர்ட் பட்லர் எதிர்த்தார். மக்களிடம் கோரிக்கை இல்லை, மாகாண அரசுகள் விரும்பவில்லை, கட்டாயமின்றியே பள்ளிகள் பெருக இடமிருக்கிறது, செலவு தாங்காது என்பவை காரணங்கள். நிலக்கிழார்களும் எதிர்த்தார்கள். கல்வி வரியில் பெரும்பங்கு அவர்கள் நிலத்தின் மீதுதான் விழும். படித்த பிள்ளை வயலில் கூலிக்கு நிற்க மாட்டான் என்ற அச்சமும் இருந்தது. அவையில் அதிகாரிகளுக்கே பெரும்பான்மை. தோல்வி முன்பே தெரிந்ததுதான். அதைத் தெரிந்துகொண்டேதான் கோகலே முன்வந்தார். தம் தலைமுறையினர் தோல்விகளின் மூலமாகத்தான் நாட்டுக்குச் சேவை செய்ய முடியும் என்று அவர் நம்பினார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் வாழவில்லை. 1912-இன் இறுதியில் தென்னாப்பிரிக்கா சென்று அங்குள்ள இந்தியர்களின் துயரத்தை நேரில் பார்த்தார். நீரிழிவு நோய் உடலை அரித்தது. 1915 பிப்ரவரி 19 அன்று, நாற்பத்தெட்டு வயதில், புனேயில் காலமானார். இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை அவருக்குப் பின் ஏற்றவர் தஞ்சை மாவட்டம் வலங்கைமானைச் சேர்ந்த சீனிவாச சாஸ்திரி. அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

மசோதா செத்தது, கணக்கு சாகவில்லை

கோகலே கேட்டதை மாகாணங்கள் துண்டு துண்டாகச் செய்தன. 1918-இல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாய் மாகாண நகராட்சிகளுக்கான தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1920-இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கலாம், அப்படி விதித்தால் அரசும் தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்கும் என்பது அதன் அடிப்படை. இன்று தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்த்து வாங்கப்படுவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஆனால் கோகலே அஞ்சிய குறையும் கூடவே வந்தது. பணக்கார ஊரில் வரி அதிகம் வசூலாகும், ஏழை ஊரில் குறையும். வசூலாகும் வரிக்கு ஈடாக அரசு மானியம் தரும் என்றால், இருப்பவனுக்கே மேலும் சேரும். பள்ளி அதிகம் தேவைப்படும் ஊருக்குக் குறைவாகவே போகும். மூன்றில் இரண்டு பங்கு மேலிருந்து வர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததன் பொருள் இதுதான். 1919-இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு கல்வி இந்திய அமைச்சர்களின் கைக்கு வந்தது, ஆனால் நிதித்துறை கவர்னரின் பக்கமே இருந்தது. துறை ஒருவரிடம், பணப்பெட்டி இன்னொருவரிடம்.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் வழங்க முயல வேண்டும் என்று வழிகாட்டியது. அது அடிப்படை உரிமையானது 2002-இல். நடைமுறைச் சட்டம் வந்தது 2009-இல். கோகலேயின் மசோதா தோற்று 97 ஆண்டுகள் கழித்து. இடையில் 2004-இல் மத்திய அரசு தன் வரிகளின் மீது இரண்டு சதவீதக் கல்வி செஸ் விதித்தது. இன்று அது சுகாதாரத்தோடு சேர்ந்து நான்கு சதவீதமாக இருக்கிறது. மற்ற மத்திய வரிகளைப் போல இந்த செஸ் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. பள்ளிகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு அறுபது, தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் பங்கு நாற்பது என்று விகிதம் இருக்கிறது. 2024-25-இல் கொள்கை முரண்பாட்டால் அந்த மத்தியப் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றபோது என்ன நடந்தது என்பதை அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோர் அறிவார்கள்.

பள்ளியில் ஆசிரியர் இல்லை, கழிப்பறை இல்லை என்று வரும்போது நாம் தலைமையாசிரியரிடம் கோபப்படுகிறோம். பெரும்பாலும் அவர் கையில் பணம் இல்லை. அந்தப் பணம் எந்த வரியாக நம்மிடமிருந்து போனது, எந்த அலுவலகத்தில் நிற்கிறது, யார் தர வேண்டியது என்று கேட்கக் கற்றுக்கொள்வதுதான் கோகலேயின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம். கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கும் தாயும் வரி கட்டுகிறாள். சொத்து வரி ரசீதை அடுத்த முறை கையில் வாங்கும்போது அதில் கல்வி வரி எவ்வளவு என்று பார்த்து வையுங்கள். நகராட்சி உறுப்பினரிடமும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், வாக்குக் கேட்டு வருபவரிடமும் அந்தக் கணக்கைக் கேளுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் வாக்களிக்கும் உரிமைகூட இல்லாத அவையில் நின்று ஒருவர் அதைக் கேட்டார். நமக்கு அந்த உரிமை இருக்கிறது.